விமான இறக்கையில் பறவை மோதினால் என்னாகும்? கணினியில் கணித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

1.8 கிலோ எடையுள்ள பறவை ஒன்று விநாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் இறக்கையின் முன்விளிம்பில் மோதினால், மோதல் ஒன்றேகால் மில்லிவிநாடியில் முடிந்துவிடும். அதற்குள் அலுமினியத் தகடு குழிந்து, கிழிந்து, ரிவெட்டுகள் தெறித்து, பறவையின் மிச்சம் உள்ளே இறக்கையின் நீளவாட்டில் ஓடும் முக்கியத் தாங்குசட்டமான முன்ஸ்பார் வரை போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். போகுமா, போகாதா என்பதைத்தான் சிமுலேஷனிடம் கேட்கிறோம்.

தகடு கிழிவது போன்ற ஒரு வீடியோவைத் திரையில் வரவழைப்பது இன்று பெரிய காரியமில்லை. அந்த வீடியோவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சொல்ல முடிவதுதான் உண்மையான வேலை. அதனால் மென்பொருளின் பொத்தான்களைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. மாடலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே எப்படிச் சோதிப்பது என்பதற்குத்தான் அதிக இடம். எல்எஸ்-டைனா, அபாகஸ் எக்ஸ்ப்ளிசிட், ரேடியாஸ் என்று எந்த மென்பொருளில் செய்தாலும் படிகள் ஏறக்குறைய இவைதான். பணம் கட்டாமல் பழக வேண்டுமென்றால் 2022-ல் திறந்த மூலமாக வெளியான ஓப்பன்ரேடியாஸ் இருக்கிறது. எலிமென்ட், நோடு, மெஷ் ஆகியவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை எழுதி வையுங்கள்

'பறவை மோதலைச் சிமுலேட் செய்' என்பது கேள்வியே இல்லை. எந்தப் பாகம், எவ்வளவு எடை, என்ன வேகம், எது நடந்தால் தோல்வி என்று நான்கையும் எழுதினால்தான் கேள்வி. பெரிய பயணிகள் விமானங்களுக்கு இதை விதிகளே சொல்லிவிடுகின்றன. அமெரிக்காவின் எஃப்ஏஏ, ஐரோப்பாவின் ஈஏஎஸ்ஏ என்ற விமானப் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டும் 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ பறவையைக் கேட்கின்றன. வேகம், கடல்மட்டத்தில் அந்த விமானத்தின் வடிவமைப்புப் பயணவேகம் அல்லது 8,000 அடி உயரத்தில் அதன் 85 சதவீதம். இரண்டில் எது மோசமோ அது. மோதிய பிறகும் விமானம் பத்திரமாகப் பறந்து தரையிறங்க வேண்டும்.

வால்பகுதிக்கு மட்டும் எஃப்ஏஏ 8 பவுண்டு பறவை கேட்கிறது. இதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1962 நவம்பரில் யுனைடெட் நிறுவனத்தின் விக்கர்ஸ் வைகவுண்ட் விமானம் மேரிலாந்து வானில் அன்னங்களின் மீது மோதியது. கிடைவால் உடைந்து, விமானத்தில் இருந்த 17 பேரும் இறந்தார்கள். விதிப்புத்தகத்தில் ஒரு எண் விசித்திரமாகத் தெரிந்தால் அதன் பின்னணியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இப்படி ஏதாவது இருக்கும்.

தோல்வி என்பதற்கும் தெளிவான வரையறை வேண்டும். தகட்டில் ஓட்டை விழுவது பல இடங்களில் அனுமதிக்கப்பட்டதுதான். ஸ்பார் வெட்டுப்பட்டாலோ, பின்னால் இருக்கும் எரிபொருள் தொட்டி கிழிந்தாலோதான் பிரச்சினை. இதை முன்பே எழுதி வைத்தால், மெஷ்ஷை எங்கே நுணுக்கமாக்குவது என்பதும் தானாகவே முடிவாகிவிடும்.

படி 2: முதலில் தாளில் கணக்கு

கணினியைத் திறப்பதற்கு முன் சில எண்களைக் கையால் போட்டு வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையிலும் இவைதான் அளவுகோல்.

இயக்க ஆற்றல்: 1.8 கிலோ, 180 மீட்டர்/விநாடி என்றால் சுமார் 29 கிலோஜூல். உந்தம்: 1.8 × 180 = 324 நியூட்டன்-விநாடி.

பறவையின் வடிவம்: இரு முனைகளிலும் அரைக்கோளம் கொண்ட உருளை, நீளம் விட்டத்தைப் போல் இரு மடங்கு. இதுதான் துறையில் வழக்கமான மாற்றுவடிவம். அடர்த்தி கனமீட்டருக்கு 950 கிலோ என்று எடுத்தால் விட்டம் 113 மில்லிமீட்டர், நீளம் 226 மில்லிமீட்டர் வரும். மோதல் நேரம்: நீளத்தை வேகத்தால் வகுத்தால் 1.26 மில்லிவிநாடி. சராசரி விசை: உந்தத்தை அந்த நேரத்தால் வகுத்தால் சுமார் 257 கிலோநியூட்டன், அதாவது 26 டன் எடை ஒரு சிறிய பரப்பில் அமர்வதற்குச் சமம்.

கடைசியாக, பறவை ஒரு திரவம்போல் பாய்ந்து நிற்கும்போது மையத்தில் உண்டாகும் தேக்க அழுத்தம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 15.4 மெகாபாஸ்கல். இந்த எண்ணை ஒரு மூலையில் குறித்து வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

படி 3: அலகுகள்

கணக்கைப் போடும் நிரலான சால்வருக்கு அலகே தெரியாது, எண்கள் மட்டும்தான் தெரியும். டன்-மில்லிமீட்டர்-விநாடி முறையில் அலுமினியத்தின் அடர்த்தி 2.78-ஐ பத்தின் ஒன்பதாம் அடுக்கால் வகுத்தது, வேகம் 180,000. கிலோ-மில்லிமீட்டர்-மில்லிவிநாடி முறையில் அதே அடர்த்தி 2.78-ஐ பத்தின் ஆறாம் அடுக்கால் வகுத்தது, வேகம் வெறும் 180, அழுத்தம் கிகாபாஸ்கலில் வரும். வேறொருவர் கொடுத்த மெட்டீரியல் கார்டை (பொருளின் பண்புகளை எழுதிய உள்ளீட்டை) ஒட்டும்போதுதான் இரண்டும் கலந்துவிடுகின்றன. மாடலை ஏற்றியதும் ஒவ்வொரு பாகத்தின் எடையையும் அச்சிடச் சொல்லிப் பாருங்கள். பறவை 1.8 கிலோ என்று வந்தால் தொடரலாம்.

படி 4: இறக்கையின் மாடல்

முழு இறக்கையும் தேவையில்லை. மோதும் இடத்தைச் சுற்றி மூன்று நான்கு ரிப் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) இடைவெளிகள் போதும். ஒலியலை அலுமினியத்தில் விநாடிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். ஒரு மில்லிவிநாடியில் அது 5 மீட்டர் போய்விடும். அதனால் வெட்டிய முனைகளில் அலை திரும்பி வரத்தான் செய்யும். ஆனால் தகட்டைக் கிழிப்பது அந்த மெல்லிய அலை இல்லை, மோதும் இடத்திலேயே நடக்கும் வளைவும் இழுப்பும்தான். ஐயமாக இருந்தால் இன்னொரு ரிப் இடைவெளியைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். விடை மாறாவிட்டால் அளவு போதும்.

தகடு, ரிப், ஸ்பார் எல்லாம் ஷெல் எனும் மெல்லிய தகட்டு எலிமென்ட். மோதும் பகுதியில் 4 மில்லிமீட்டர், வெளியே போகப்போக 10 வரை பெரிதாக்கலாம். தடிமன் வழியாக ஐந்து தொகையீட்டுப் புள்ளிகள் வையுங்கள். மூன்று வைத்தால் வளைவில் பிளாஸ்டிக் பகுதி எப்படிப் பரவுகிறது என்பது சரியாக வராது.

மெஷ் முடிந்ததும் மிகச் சிறிய எலிமென்ட் எது என்று தேடிப் பார்க்க வேண்டும். நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாக நகர்த்தும் எக்ஸ்ப்ளிசிட் சால்வரில் ஒரு நேரப்படியின் அளவு, ஒலியலை மிகச் சிறிய எலிமென்ட்டைக் கடக்கும் நேரத்தைத் தாண்ட முடியாது. 4 மில்லிமீட்டர் என்றால் பாதுகாப்புக் காரணி 0.9-உடன் சுமார் 0.68 மைக்ரோவிநாடி, 5 மில்லிவிநாடிக்கு ஏறக்குறைய 7,400 படிகள். ரிப்பின் மூலையில் எங்கோ ஒரே ஒரு எலிமென்ட் 0.4 மில்லிமீட்டருக்கு நசுங்கிக் கிடந்தால் அது 74,000 படியாகிவிடும். 'மாஸ் ஸ்கேலிங் போட்டுக்கலாம்', அதாவது எலிமென்ட்டின் எடையைக் கூட்டி நேரப்படியைப் பெரிதாக்கலாம் என்று உடனே தோன்றும். நிறுத்துமிடத்தில் கார் மெதுவாக இடிப்பது போன்ற கணக்கென்றால் சரி. இங்கே நிறையும் வேகமும்தான் எல்லாமே என்பதால், மோதும் பகுதியில் செயற்கையாக எடை கூட்டுவது விடையையே மாற்றும். அந்த எலிமென்ட்டைத் திருத்துவதுதான் வழி.

ரிவெட்டுகளை மறந்துவிட்டுத் தகட்டையும் ரிப்பையும் ஒரே நோடுகளால் ஒட்டிவிடுவது பலரும் எடுக்கும் குறுக்குவழி. அப்படிச் செய்தால் அமைப்பு நிஜத்தைவிட வலுவாகத் தெரியும். உண்மையான சோதனைகளில் பல நேரம் தகடு கிழிவதற்கு முன் ரிவெட் வரிசைதான் முதலில் பிரியும். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு பீம் அல்லது இணைப்பு எலிமென்ட் வைத்து, இழுவிசைக்கும் வெட்டுவிசைக்கும் தனித்தனி வலிமை கொடுங்கள். இரண்டும் சேர்ந்து வரும்போது எப்படி உடையும் என்ற விதியும் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுப் பறவையின் மாடலில் நேரம் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

படி 5: உலோகம் எப்படி நடந்துகொள்கிறது, எப்போது கிழிகிறது

2024 வகை அலுமினியத்துக்கு ஜான்சன்-குக் மாடல்தான் வழக்கம். திரிபு (உருமாற்றத்தின் விகிதம்) கூடக்கூட உலோகம் இறுகுவது, வேகமாக இழுக்கும்போது வலுப்படுவது, சூடேறினால் தளர்வது ஆகிய மூன்றையும் ஐந்து மாறிலிகளில் அடக்குகிறது. சிக்கல் என்னவென்றால், டி3, டி351 எனும் பதன நிலைகளிலுள்ள ஒரே கலவைக்கு வெளியீடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மாறிலித் தொகுதிகள் புழங்குகின்றன (ஏ தொடக்க வலிமை; பி, என் இரண்டும் இறுகும் அளவைச் சொல்பவை). ஜான்சனும் குக்கும் 1983-ல் கொடுத்தது ஏ = 265, பி = 426 மெகாபாஸ்கல், என் = 0.34. பின்னாளில் எஃப்ஏஏ ஆய்வுகளில் பயன்பட்டது ஏ = 369, பி = 684, என் = 0.73. ஒரு சதவீதத் திரிபில் முதலாவது சுமார் 354 மெகாபாஸ்கல் தருகிறது, இரண்டாவது 393. 10 சதவீதத்தைத் தாண்டிய வேறுபாடு. இரண்டும் தவறல்ல, வெவ்வேறு தகட்டில் வெவ்வேறு சோதனையில் கிடைத்தவை. உங்கள் தகட்டின் இழுவிசை வளைகோடு எதனோடு பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முறிவுதான் இன்னும் சிக்கல். எலிமென்ட் குறிப்பிட்ட திரிபை எட்டியதும் அதை நீக்கிவிடுவது வழக்கமான உத்தி. ஆனால் அந்தத் திரிபு எலிமென்ட்டின் அளவைப் பொறுத்தது. கிழியும் இடத்தில் திரிபு ஒரு மெல்லிய பட்டையில் குவியும். பெரிய எலிமென்ட் அந்தக் குவியலைச் சராசரியாக்கிக் குறைத்துக் காட்டும், சிறியது அப்படியே காட்டும். ஆகவே 4 மில்லிமீட்டர் மெஷ்ஷுக்குப் பொருந்திய எண்ணை 2 மில்லிமீட்டர் மெஷ்ஷில் போட்டால் தகடு நேரத்துக்கு முன்பே கிழியும்.

இதற்கு எளிய வைத்தியம் உண்டு. ஆய்வகத்தில் இழுத்து முறித்த ஒரு சோதனைத் துண்டை, இறக்கையில் பயன்படுத்தப்போகும் அதே எலிமென்ட் அளவில், அதே வகை ஷெல்லில் மாடல் செய்யுங்கள். விசை-நீட்சி வளைகோட்டில் முறிவு எங்கே வருகிறதோ அங்கே சிமுலேஷனிலும் வரும்வரை முறிவுத் திரிபைத் திருத்துங்கள். நேராக இழுத்த துண்டு ஒன்று, பக்கவாட்டு வெட்டுள்ள துண்டு ஒன்று, வெட்டுவிசையில் முறியும் துண்டு ஒன்று என்று குறைந்தது மூன்று வேண்டும். இழுப்பிலும் வெட்டிலும் உலோகம் ஒரே திரிபில் முறிவதில்லை. இந்தச் சிறிய மாடல்கள் ஓட நிமிடக்கணக்கில்தான் ஆகும். மொத்தத் திட்டத்திலும் செலவழித்த நேரத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை என்பது என் கருத்து.

படி 6: பறவை

இந்த வேகத்தில் பறவையின் எலும்பும் தசையும் திடப்பொருளாக நடந்துகொள்வதில்லை. மோதலில் உண்டாகும் அழுத்தம் உடலின் வலிமையைப் போல் பல மடங்கு என்பதால், அது தண்ணீர்போல் சிதறிப் பாய்கிறது. 1970-களில் வில்பெக் என்ற ஆய்வாளர் செய்த சோதனைகள் இதை நிறுவின. ஜெலட்டினில் கொஞ்சம் காற்றுக்குமிழி கலந்தால் உண்மைப் பறவையின் அழுத்தத்தோடு நன்றாகப் பொருந்துகிறது என்பதும் அங்கேதான் தெரியவந்தது.

கணினியில் இதைச் செய்ய எஸ்பிஎச் எனும் துகள் முறைதான் என் தேர்வு. 1977-ல் விண்மீன்களைக் கணிக்க உருவான இந்த முறையில் மெஷ்ஷே கிடையாது. துகள்கள் சிதறும்போது எலிமென்ட் முறுக்கிக்கொண்டு சால்வர் நிற்கும் தொல்லையும் இல்லை. சாதாரண திட எலிமென்ட்டால் பறவை செய்தால் அது நசுங்கும்போது நேரப்படி சரிந்து, கடைசியில் எலிமென்ட்டுகளை நீக்க வேண்டிவரும். நீக்கினால் உந்தமும் கூடவே போய்விடும்.

துகள் இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் மேலே சொன்ன வடிவத்துக்குச் சுமார் 15,000 துகள்கள், ஒவ்வொன்றும் 0.12 கிராம். இலக்கின் எலிமென்ட் அளவுக்கு அருகிலேயே இடைவெளி இருக்கட்டும். துகள் மிகப் பெரிதானால் தகட்டில் புள்ளிபுள்ளியாக அடிக்கும். அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள உறவுக்கு முர்னகான் சமன்பாடு எளிது. பல ஆய்வுகள் பயன்படுத்தும் மாறிலிகள் 128 மெகாபாஸ்கல், அடுக்கு 7.98. வெட்டுவலிமையைப் பூஜ்யத்துக்கு அருகில் வையுங்கள்.

படி 7: பறவையை மட்டும் தனியாக மோதவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், தாண்டவே கூடாத படியும் இதுதான். இறக்கையை எடுத்து வைத்துவிட்டு, அசையாத ஒரு கடினத் தகட்டின் மேல் பறவையைச் செங்குத்தாக மோதவிடுங்கள். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

தகட்டின் மேல் மொத்த விசையை நேரத்தோடு தொகையிட்டால் 324 நியூட்டன்-விநாடி வர வேண்டும். கணிசமாகக் கூடினால் பறவை ரப்பர்போல் திரும்பி எகிறுகிறது என்று பொருள். வெட்டுவலிமையோ அழுத்தச் சமன்பாடோ தவறு.

மையத்தில் அழுத்தம் முதலில் கூர்மையாக எகிறும், பிறகு தணிந்து ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் தாளில் போட்ட 15.4 மெகாபாஸ்கலைச் சுற்றி இருக்க வேண்டும். முதல் உச்சம் எவ்வளவு என்பது துகள் இடைவெளியையும் பதிவுசெய்யும் இடைவேளையையும் பொறுத்து ஆடும், அதை அதிகம் நம்ப வேண்டாம். சுத்தமான தண்ணீர் என்றால் அந்த உச்சம் 330 மெகாபாஸ்கல் வரை போகும், காற்றுக்குமிழி கலந்த உடலில் வெகுவாகக் குறையும்.

மூன்றாவது, நேரம். விசை 1.26 மில்லிவிநாடியை ஒட்டி அடங்க வேண்டும். மூன்றும் சரியாக வந்தால் இந்தப் பறவையைச் சேமித்து வையுங்கள், அடுத்த திட்டத்துக்கும் ஆகும்.

ட்ரோனுக்கு இந்தப் பறவையை மாற்றாகப் போடாதீர்கள். மோட்டாரும் பேட்டரியும் கெட்டியானவை, தண்ணீர்போல் பாய்வதில்லை. அதே எடை, அதே வேகத்தில் ட்ரோன் பறவையைவிட அதிகச் சேதம் செய்கிறது என்று எஃப்ஏஏ ஆதரவில் 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது.

படி 8: சேர்த்து ஓட்டுதல்

பறவையை இறக்கைக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். எது எதோடு மோதலாம் என்று சொல்லும் துகள்-பரப்பு கான்டாக்ட்டில், தகடு கிழிந்த பிறகு உள்ளே வெளிப்படும் ரிப், ஸ்பார் எல்லாம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டால் துகள்கள் ஸ்பாரை ஆவிபோல் ஊடுருவிப் போகும். உராய்வைப் பூஜ்யத்தில் தொடங்கலாம்.

ஓட்டம் முடிந்ததும் வீடியோவைத் திறப்பதற்கு முன் ஆற்றல் வளைகோடுகளைத் திறங்கள். மொத்த ஆற்றல் கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்க வேண்டும். நீக்கப்பட்ட எலிமென்ட்டுகளின் ஆற்றல் கணக்கில் சேராவிட்டால் கோடு சரியும், அது வேறு விஷயம். ஹவர்கிளாஸ் ஆற்றல் (எலிமென்ட்டின் பொய்யான உருமாற்றத்தைத் தடுக்கச் செலவாகும் ஆற்றல்) உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இதை மொத்த மாடலுக்குப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், பாகம் பாகமாகப் பாருங்கள். முன்விளிம்புத் தகட்டில் மட்டும் 20 சதவீதம் இருந்துகொண்டு மொத்தத்தில் 3 சதவீதமாக ஒளிந்திருக்கும். கான்டாக்ட் ஆற்றல் பெரிய எதிர்மறை எண்ணாக இருந்தால் எங்கோ தகடுகள் ஆரம்பத்திலேயே ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன.

படி 9: சோதனையோடு ஒப்பிடுதல்

வாயுத் துப்பாக்கிச் சோதனையின் வீடியோவோடு கிழிசலின் வடிவம் ஒத்துப்போனால் மகிழ்ச்சிதான், ஆனால் அது போதாது. ஸ்பாரில் ஒட்டிய திரிபுமானியின் வளைகோடு, தாங்கிகளில் அளந்த விசை, எத்தனை ரிவெட் எந்த வரிசையில் போயின, மிச்சக் குழிவின் ஆழம் என்று நான்கைந்து தனித்தனி அளவுகளைப் பாருங்கள். சிமுலேஷனின் சிக்னலையும் சோதனையின் சிக்னலையும் ஒரே வடிகட்டியில் போட்டுவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒன்று பொருந்தவில்லை என்பதற்காக முறிவுத் திரிபைத் திருகக் கூடாது. அது சோதனைத் துண்டில் முடிவான எண். திருகினால் இந்த ஒரு சோதனைக்குப் பொருந்தும், அடுத்ததில் கைவிடும்.

மாடல் எந்த எல்லைக்குள் சரிபார்க்கப்பட்டது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். கொலம்பியா விண்கலம் இதற்கு மறக்க முடியாத சான்று. 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட 82 விநாடிகளில், வெளித்தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருந்தபோது வெப்பக் காப்பு ஓடுகளின் சேதத்தைக் கணிக்க க்ரேட்டர் என்ற கருவியை ஓட்டினார்கள். அது சிறு நுரைத் துண்டுகளை வைத்து அளவீடு செய்யப்பட்டது, மோதிய துண்டோ கன அளவில் அதைப் போல் பல நூறு மடங்கு. ஓட்டின் தடிமனையும் தாண்டும் சேதத்தை க்ரேட்டர் காட்டியபோது, 'இது எப்போதும் மிகைப்படுத்தும் கருவிதானே' என்று ஒதுக்கினார்கள். பிப்ரவரி 1 அன்று விண்கலம் வளிமண்டலத்தில் சிதறியது. அதே ஆண்டு ஜூலை 7 அன்று சான் அன்டோனியோவில் நடந்த சோதனையில், சுமார் 0.76 கிலோ நுரை இறக்கையின் முன்விளிம்புப் பலகையில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் ஓட்டை போட்டது.

பொருந்திய பிறகு மோதும் புள்ளியை நகர்த்துங்கள். ரிப்பின் மேல், இரு ரிப்களுக்கு நடுவில், முன்விளிம்பின் மூக்கில், அதற்குச் சற்று மேலேயும் கீழேயும் என்று. பறவை இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் வழியும் இடத்துக்கும், முழுவதும் உள்ளே புகும் இடத்துக்கும் இடையே சில சமயம் 20 மில்லிமீட்டர்தான் இருக்கும். வேகத்தையும் 10 சதவீதம் கூட்டிப் பாருங்கள். விடை சட்டென்று மாறினால் வடிவமைப்பு ஒரு விளிம்பில் நிற்கிறது, அறிக்கையில் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இறக்கை கார்பன் ஃபைபராக இருந்தால்

மேலே சொன்னதில் பறவையும் சோதனைகளும் அப்படியே பொருந்தும், இலக்கின் மாடல்தான் அடியோடு மாறும். கூட்டுப்பொருளில் பயம் பெரிய மோதலில் மட்டுமல்ல. கருவி ஒன்று கைதவறி விழுந்தால் மேலே லேசான தழும்புதான் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

இதற்கான அடிப்படைச் சோதனை ஏஎஸ்டிஎம் எனும் தரநிர்ணய அமைப்பின் டி7136. 100 × 150 மில்லிமீட்டர் தகட்டின் மேல் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள அரைக்கோள முனை விழும், தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்கு 6.7 ஜூல். 4 மில்லிமீட்டர் தகட்டுக்குச் சுமார் 27 ஜூல், பறவையின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கணக்கு பல மடங்கு கனம். 0.125 மில்லிமீட்டர் அடுக்குகள் 32, அவற்றுக்கிடையே 31 இடைமுகங்கள். ஒவ்வொன்றிலும் 0.5 மில்லிமீட்டர் கோஹெசிவ் (அடுக்குகள் பிரிவதைக் கணிக்கும்) எலிமென்ட் வைத்தால் 18 லட்சத்தைத் தாண்டும். எலிமென்ட்டை இதற்கு மேல் பெரிதாக்க முடியாது, ஏனென்றால் விரிசல் முனையில் பிரிந்துகொண்டிருக்கும் சின்னப் பகுதிக்குள் மூன்று எலிமென்ட்டாவது விழ வேண்டும். ஒரே கோணத்தில் அடுத்தடுத்து வரும் அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், அவற்றுக்கிடையே பிரிவு பெரும்பாலும் வராது. நுணுக்கமான மெஷ்ஷை மோதும் இடத்தைச் சுற்றி மட்டும் வையுங்கள். இழை முறிவுக்கும் பிசின் விரிசலுக்கும் தனித்தனி நிபந்தனை வைக்கும் ஹாஷின் அளவுகோல் தொடங்குவதற்குப் போதும்.

ஒப்பிடும்போது அல்ட்ராசோனிக் சி-ஸ்கேன் காட்டும் மொத்தப் பரப்பு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறலாம். அது எல்லா அடுக்குகளின் பிரிவையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டும் நிழல். ஒரே ஒரு இடைமுகம் பெரிதாகப் பிரிந்தாலும், பத்து இடைமுகங்கள் பிரிந்தாலும் நிழல் ஒன்றாகவே தெரியலாம், தகட்டின் மிச்ச வலிமையோ வெகுவாக மாறும். அதனால் மோதிய மாடலை அதன் சேதத்தோடு அப்படியே எடுத்து, அதிர்வை அடக்கிவிட்டு, டி7137 சொல்லும் அமுக்கச் சோதனையையும் ஓட்டுங்கள். ஆய்வகத்தில் அந்தத் தகடு எந்தச் சுமையில் நொறுங்கியதோ, அதனோடு ஒப்பிட வேண்டிய எண் இந்த இரண்டாவது ஓட்டத்திலிருந்துதான் கிடைக்கும்.